அப்பா சார்ஜ் போட்டுத்தான் போனார்

சித்திரைப்பேட்டை, கடலூர்.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

மகன் பாண்டியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கச்சி கனிமொழி மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மாரியாத்தாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், உனக்கு இல்லை. நீ மஸ்கட்டில் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. கிடங்கில் வேலை முடிந்து வியர்வையோடு வந்ததும் ஏசியை உச்சத்தில் வைத்துக்கொண்டு தூங்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. பெற்றவள் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே, டூட்டியில இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். அப்பாவுக்கோ எஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், வீட்டில் பேசுகிற பேச்சு தெருக்கோடி வரை போகும். இந்தப் பேச்சு இப்போதைக்கு அவர் காதில் விழக்கூடாது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாமே என்றாள் கனிமொழி. பாதி கேட்டுவிட்டு நீ நிறுத்திவிடுவாய். கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் நாலு வரியாவது கண்ணில் படும் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

வீட்டுச் சேதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கனிமொழிக்குச் சிதம்பரத்து லேபில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது, கூட வேலை செய்கிற பெண்களோடு சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறாள். மழையில் ஊறிய பின்பக்கச் சுவர் இன்னும் காயவில்லை. சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால் கெமிக்கல் நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, அது எப்போதும் உள்ளதுதான். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி நீ கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். நான் எழுதுவது வேறு விஷயம். தீபாவளிக்கு நீ லீவில் வந்திருந்தபோது உன் பழைய போனை அப்பாவிடம் கொடுத்தாயே, அந்தக் காலைநேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். நீ புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். பழையதைத் துணியால் துடைத்து, புது உறை மாட்டி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, "இந்தாப்பா, இனிமே அந்த பட்டன் போன தூக்கிப் போடு, இது புதுசு மாதிரி இருக்குது" என்று அவர் கையில் வைத்தாய். கண்ணில் ஒற்றிக்கொண்டார் மனுஷன். தூக்கிப் போடச் சொன்னாயே என்று அந்தப் பட்டன் போனை அன்றைக்கே தெருவில் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஏலக்கூடத்தில் மீன் எடுக்க வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் காட்டினார், எம்புள்ள குடுத்தது, எம்புள்ள குடுத்தது என்று. தண்ணீர் படாத பிளாஸ்டிக் பை ஒன்று வாங்கி அதில் போட்டுக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டார். நான்கூடக் கேலி செய்தேன்.

வலை போட்ட இடத்தைக் குறித்துவைக்கவும், திரும்பி வர வழி பார்க்கவும் கனிமொழி அந்தப் போனில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். அப்பா வேலைக்குப் போகிற சுப்பராயலு போட்டில் இருந்த ஜிபிஎஸ் பெட்டி கார்த்திகை மழையில் கெட்டுப் போனது உனக்குத் தெரியும். ரிப்பேருக்குப் போனது வரவே இல்லை. "மாமா போன் இருக்குதே, அது போதும்" என்று சுப்பராயலும் விட்டுவிட்டான். ஆக அந்த ஃபைபர் போட்டுக்குக் கண் என்று இருந்தது அப்பா கழுத்தில் தொங்கிய போன் ஒன்றுதான். இதை உனக்கும் சொன்னோம். பொங்கலன்று நீ கூப்பிட்டபோது அப்பாவே பெருமையாகச் சொன்னார், "உன் போன வச்சித்தான்டா இப்போ கடல்ல வழி பாக்குறோம்" என்று. நீ "சூப்பர்பா" என்றாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தை கடைசியில் நடந்ததை உனக்கு அரையும் குறையுமாகத்தான் சொல்லியிருக்கிறோம். நீ பயப்படப் போகிறாய் என்று அப்பாதான் சொல்லவிடவில்லை. இப்போது முழுசாகக் கேள். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, அப்படி ஒரு பனி அன்றைக்கு. முந்தின நாள் சாப்பாடு முடிந்ததும் அப்பா தன் கையாலேயே போனைச் சார்ஜில் போட்டார், நான் பார்த்தேன். கிளம்பும்போது எடுத்து, "நூறு ஏறிடிச்சி புள்ள" என்று என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் பையில் போட்டார். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். மூன்றாவது ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் அப்பாவும் சுப்பராயலும் மட்டும் போனார்கள். வலையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. போட்டின் இந்த முனையில் இருந்தவருக்கு அந்த முனையில் இருந்தவன் தெரியவில்லையாம். சூரியன் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. போனில் வழி பார்த்துக்கொண்டே அப்பா எஞ்சினைப் பிடித்திருக்கிறார். நாற்பது சொச்சம் காட்டிக்கொண்டிருந்த போன், கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைந்துவிட்டது. அமுக்கிப் பார்த்திருக்கிறார், லுங்கி மடிப்பில் பொதிந்து சூடேற்றிப் பார்த்திருக்கிறார், வரவில்லை. சுப்பராயலு கையில் இருந்தது சாதா போன், டவர் இல்லாத இடத்தில் அது வெறும் டப்பா. எஞ்சினை நிறுத்திவிட்டு நங்கூரத்தைப் போட்டால் அது பிடிக்கவில்லை, நீரோட்டம் போட்டைத் தெற்கே இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. கடைசியில் அலை உடைகிற சத்தம் கேட்டது, நம்ம கரைதான் என்று நினைத்து அதைப் பார்த்து ஓட்டினார்கள். அது நம்ம கரை இல்லை. பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரம். அங்கே இருக்கிற மணல்திட்டில் எஞ்சின் மோதி, பின்னாலேயே வந்த அலை போட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டது.

சுப்பராயலுக்குத் தோள் எலும்பு முறிந்துபோனது, ஒரு கையால் அவனால் நீந்த முடியவில்லை. உன் அப்பா, இந்த வயதில், கவிழ்ந்த போட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவன் சட்டைக் காலரை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு, "கண்ண மூடாத மாப்ள, கண்ண மூடாத" என்று கத்திக்கொண்டே இருந்தாராம். பனி விலகி, பரங்கிப்பேட்டை ஆட்கள் பார்த்து, போட்டு கொண்டுவந்து தூக்கியிருக்கிறார்கள். வலை போனது, எஞ்சின் போனது. போகட்டும், உயிர் இருக்கிறது.

இந்த நேரமெல்லாம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா. கரையில். ஊர் முழுக்கக் கரையில். மற்ற போட்டெல்லாம் வந்துவிட்டது, இது வரவில்லை. அப்பா நம்பருக்கு அடித்து அடித்து என் விரல் தேய்ந்தது, ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப் என்று அந்தப் பொம்பளை சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவேன். அழுதுகொண்டே சொன்னேன், அப்பா போன் அணைஞ்சி கெடக்குதுடா என்று. நீ சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. "அவரு சார்ஜ் போட்டிருக்க மாட்டாரும்மா, வயசாவுதில்ல, மறந்திருப்பாரு. வந்துடுவாரு, நீ அழுவாத." நான் அன்றைக்கு அதை ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் உன் குரல் கணீரென்று கேட்டது, பக்கத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்ற சுப்பராயலு பெண்டாட்டிக்கும் கேட்டது. பெற்ற பிள்ளையே சொல்கிறான் என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு. பரங்கிப்பேட்டையிலிருந்து சேதி வந்து நாங்கள் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குள் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. சார்ஜ் போடாத போனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒருத்தனைச் சாகடிக்கப் பார்த்தான் பச்சமுத்து என்று ஊர் சொன்னது. சுப்பராயலு மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அப்பாவைப் பார்த்துக் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத மாட்டேன். அவர் ஈர லுங்கியோடு சுவரில் சாய்ந்து நின்றார். சார்ஜ் போட்டார், நான் பார்த்தேன் என்று நான் கத்தினேன். பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்றார்கள்.

பேச்சோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மனுஷன் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். மாத்திரை போட்டேனா இல்லையா என்று கேட்பார். தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து படுத்து, மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பார். கேஸ் அடுப்பைத் தடவிப் பார்ப்பார். ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார், என்ன என்றேன். "நெசமா சொல்லு பூவு, நான் அன்னிக்கு சுச்சு போட்டனா, வயர மட்டும் சொருகிட்டு வுட்டுட்டனா?" என்று கேட்டார். நூறு காட்டினதை நீங்களே எனக்குக் காட்டினீர்களே என்றேன். "அது முந்தின நாளா இருக்கும்" என்றார். புரிகிறதா பாண்டியா. கடலில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கயிறு போடாமல் சொல்கிற மனுஷன், தன் கை செய்த வேலையைத் தானே நம்பாமல் உட்கார்ந்திருந்தார். வேறு போட்டுக்காரர்களும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே போய்க் கேட்டதற்கு, ஓய்வாக இருங்களேன் மாமா என்றார்களாம். தினம் காலையில் கரைக்குப் போய், கிளம்புகிற போட்டையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

இதைக் கண்டுபிடித்தது கனிமொழி. போனைப் பையோடு எடுத்துப் போய் அவளிடம்தான் கொடுத்திருந்தேன், அது வீட்டில் இருந்தாலே எனக்கு எரிந்தது. பையில் இருந்ததால் போனுக்குத் தண்ணீர் படவில்லை. அவள் ரூமில் சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கிறாள், நூறு ஏறியது. சரி, பாட்டு ஓடட்டும் என்று வைத்துவிட்டுத் துணி துவைத்துவிட்டு வந்தால் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. வழி பார்க்கிற மேப்பைத் திறந்தவுடன் முப்பது சொச்சத்திலேயே அணைந்துவிட்டது. அவளுக்கு அப்போதே பொறி தட்டியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். செட்டிங்ஸில் பேட்டரி என்று இருக்கிறது, அதற்குள்ளேயே பேட்டரி ஹெல்த் என்று ஒன்று இருக்கிறது. அமுக்கினால் எழுபதுக்குப் பக்கத்தில் ஒரு நம்பர், அதற்குக் கீழே இந்தப் பேட்டரி ரொம்பத் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு வரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே நூறு காட்டுகிறது, உள்ளே எழுபது காட்டுகிறது, இதில் எது நிஜம் என்று கேட்டேன். "ரெண்டும் நெசந்தான்மா. மேல காட்டுறது கொடம் ரொம்பியிருக்குதான்னு. இது, கொடமே எவ்ளோ பெருசா இருக்குதுன்னு. பாதி மண்ணு அடைச்ச கொடத்துல தண்ணி ஊத்தினாலும் விளிம்பு வரைக்கும் ரொம்பித்தான் தெரியும். ரெண்டு சொம்பு மொண்டா தீந்துடும்" என்றாள். இதைவிட என்ன வேண்டும். மறுநாளே நானும் அவளோடு பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குப் போனேன், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு போன் கடையில் கொடுத்தோம். பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி லேசாக உப்பிப் போய் இருந்தது. குளிரும் சேர்ந்து மேப்பும் ஓடினால் இந்த மாதிரி பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும், எத்தனை சார்ஜ் போட்டாலும் அப்படித்தான் என்றார் கடைக்காரர். நான் கடை வாசல் என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். கனிமொழி என்னம்மா, ஆளுங்க பாக்குறாங்க என்றாள். பார்க்கட்டும். அப்பா சார்ஜ் போட்டுத்தான் போனார் என்று அந்த நம்பர் சொல்லிவிட்டது.

புதுப் பேட்டரி போட்டுக்கொண்டு, பழையதையும் வாங்கிக்கொண்டு, கனிமொழி முன்னாலேயே அந்த எழுபது நம்பர் பக்கத்தை எடுத்துவைத்திருந்த படத்தோடு நேராகச் சுப்பராயலு வீட்டுக்குத்தான் போனோம். கை கட்டோடு உட்கார்ந்திருந்தான். கனிமொழி காட்டிக் காட்டிச் சொன்னாள், அவன் மூச்சு விடாமல் கேட்டான். அவன் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நீ சும்மா இரு என்று அதட்டினான். அப்போதே எழுந்து, சட்டை மாட்ட முடியாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு எங்களோடு நடந்து வந்தான். அப்பா வாசலில் பழைய வலை ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, என் சட்டைய புடிச்சிகினு கெடந்த மனுசன ஊரு பேசச்சொல்ல நான் வாயில கொழுக்கட்ட வச்சிகினு இருந்துட்டேன். நீ சார்ஜ் போட்டுத்தான் வந்துருக்கற. என்ன நாலு வார்த்த திட்டிடு மாமா" என்றான். அப்பா திட்டவில்லை. போனை வாங்கி, கனிமொழி காட்டின படத்தை வெகுநேரம் பார்த்தார், அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, "அப்போ நான் மறக்கல பூவு" என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டார். வெளியே வந்ததும் சுப்பராயலுக்கு டீ போடச் சொன்னார். மறுநாள் சுப்பராயலே ஏலக்கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டான். வேறு எஞ்சின் போட்டாயிற்று, அப்பா மறுபடி கடலுக்குப் போகிறார், எஞ்சின் அவர் கையில்தான். ஜிபிஎஸ் பெட்டியும் வந்துவிட்டது. கஷ்டகாலம் தீர்ந்தது என்று நானும் மாரியாத்தாவுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. போன வாரம் உன் மச்சான் பாலகுமார் பெண்ணாடத்திலிருந்து வந்தான். சர்க்கரை ஆலையில் லீவு கிடைக்கவில்லையாம், மாமாவைப் பார்க்க இப்போதுதான் வர முடிந்தது என்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். அப்பா கடலுக்குப் போயிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், பேட்டரி விஷயத்தையும் சொன்னேன். அந்தப் பிள்ளை மனசில் ஒன்றும் இல்லாமல், "இன்னா அத்த, அந்த பேட்டரிய மாத்தாமயா மாமாகிட்ட குடுத்தான்?" என்று கேட்டான். எந்த பேட்டரி என்றேன். அப்போதுதான் தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது, மழுப்பப் பார்த்தான், நான் விடவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் கடலூரில் டீக்கடையில் வைத்து அந்தப் போனை அவனுக்கு விற்கப் பார்த்தாயாமே. அவன் வாங்கிப் பார்த்து, பேட்டரி ஹெல்த்தைத் திறந்து, இது போயிடுச்சி மச்சான், எனக்கு வேணாம் என்று திருப்பிக் கொடுத்தானாமே. அப்போது நீ சிரித்துக்கொண்டே, "சரி வுடு, அப்பாகிட்ட குடுத்துடறேன், அவரு பேசத்தானே போறாரு" என்று சொன்னாயாமே. இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை பாண்டியா, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

உன் மச்சானுக்கு ஆகாத போன் உன் அப்பாவுக்கு ஆகுமா. ஆலை ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு அது வேண்டாத சாமான், நடுக்கடலுக்குப் போகிறவருக்கு அது தீபாவளிப் பரிசா. அதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாய், அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாய். சரி, பேசத்தானே போகிறார் என்று நினைத்தாய், அன்றைக்கு உனக்குத் தெரியாது, அதை நான் மன்னிக்கிறேன். பழைய போனை அப்பாவுக்குக் கொடுக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான், அதிலும் குற்றம் இல்லை. பொங்கலன்று அவர் வழி பார்ப்பதைச் சொன்னாரே, அப்போது தெரியும் அல்லவா. பேட்டரி சரியில்லைப்பா, மாத்திட்டுப் போ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். கடைக்காரர் அதை மாற்ற ஒரு டீ குடிக்கிற நேரம்தான் எடுத்தார். அதையும் விடு, மறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நான் கரையில் நின்று, போன் அணைந்துவிட்டது என்று அழுதேனே, அப்போதும் ஞாபகம் வரவில்லையா? வந்தது. வந்ததால்தான் அவ்வளவு வேகமாகச் சொன்னாய், அவரு சார்ஜ் போட்டிருக்க மாட்டாரு என்று. நான் கேட்கவே இல்லையே, யார் தப்பு என்று நான் கேட்டேனா? அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றுதான் அழுதேன். நீ அந்த நேரத்தில் உன்னைக் காப்பாற்றிக்கொண்டாய். தண்ணீரில் கிடந்த அவர் அடுத்தவன் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த வரியில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது, வயசாகிவிட்டதால் என்று சொல்லிவிடாதே.

நேற்று நீ கூப்பிட்டு, புதுப் போன் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அனுப்பாதே. அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்புவேன், இது உறுதி. இந்த வீட்டுக்கு இப்போது வேண்டியது போன் இல்லை. பாலகுமார் சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, கனிமொழிக்கும் தெரியாது, அவனையும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. என் வாயால் கேட்டால் அவர் நம்ப மாட்டார், என்மேல்தான் கோபப்படுவார், அதுதான் காரணம். ஊரில் யாராவது, பிள்ளை கொடுத்த போன்தானே காலை வாரியது என்று விளையாட்டாகச் சொன்னால்கூடச் சண்டைக்குப் போகிறார். உன் வாயால் வர வேண்டும். அவருடைய புத்தி மங்கிவிட்டது என்று இரண்டு வாரம் அவரையே நம்பவைத்தவன் நீ, அதை எடுக்க வேண்டியவனும் நீதான். அழாதே, சுற்றி வளைக்காதே, அம்மா சொன்னாள் என்றும் சொல்லாதே. எனக்குத் தெரியும்ப்பா, தெரிஞ்சேதான் குடுத்தேன், உன் மேல பழியும் போட்டேன் என்று சொல். அதற்குப் பிறகு அவர் உன்னைத் திட்டுவாரா, பேசாமல் இருப்பாரா, அது உங்கள் இரண்டு பேர் பாடு, நான் நடுவில் வரமாட்டேன். எதிர்வீட்டு மாலதி வீட்டுக்காரர் நாளைக்கு மஸ்கட் திரும்புகிறார், அவரிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று வரும். அது நான் கட்டியது இல்லை, எனக்கு மனசும் இல்லை. அப்பா தானே பொறுக்கி எடுத்து, மண் இல்லாமல் தட்டி, மூன்று கவர் போட்டுக் கட்டினார்.

இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா குளித்துவிட்டு வந்தார். பாண்டியனுக்கா எழுதுகிறாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் சொல்லுவதையும் அதில் போடு என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். அதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "போனு இப்போ நல்லா ஓடுது. நீ ஆசையா குடுத்தது. உள்ள பேட்டரி கெட்டுக் கெடந்தது உனக்கு எப்புடித் தெரியும். அம்மா ஏதாச்சும் சொன்னாலும் மனசுல வச்சிக்காத. ஒடம்ப பாத்துக்க சாமி."

எழுதிவிட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி அண்டாமல், வேலைக்கு ஒரு குறையும் வராமல், தலை நிமிர்ந்து நடக்கிற மாதிரி மாரியாத்தா உனக்குத் துணை இருக்கட்டும். கோபத்தில் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை போட்டு கடலுக்குப் போகாது, சாப்பிட்டுவிட்டு மத்தியானம் அப்பா வீட்டில்தான் இருப்பார், மறந்துவிடாதே. நான் கனிமொழியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவேன், அவர் தனியாக இருப்பார். சொல்ல வேண்டியதைச் சொல்ல நீ எவ்வளவு நேரம் இழுத்தாலும் போன் அணையாது, புதுப் பேட்டரி.

இப்படிக்கு,
கோபம் ஆறாமல் இருக்கிற உன் அம்மா,
ப. பூவம்மாள்